கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி?

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். வரும் மே மாதத்துடன் பணி நிறைவு. கணவருக்கு 66 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மதுரை மேல மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. 17 அடி அகலம், 80 அடி நீளம். முன்பாதி என் மாமனாரின் தகப்பனார் கட்டியது: திண்ணை, நடை, முற்றம், பட்டாசாலை என்கிற கூடம், தேக்குக் கட்டை பாவிய மச்சு. பின்பாதியில் அடுப்படி, குளியலறை, கழிப்பறை, மேலே ஓர் அறை. இது 1984-ல் மாமனார் கட்டிய கான்கிரீட் கட்டடம். அதன் தளத்திலிருந்து சில மாதங்களாகக் காரை பெயர்ந்து விழுகிறது. போன வாரம் இட்லிக் கொப்பரைமேல் விழுந்தது. தெருவில் சாலை போட்டுப் போட்டு உயர்ந்து, மூன்று படி ஏறி நுழைந்த வீடு இப்போது தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது. பெருமழையில் நடைவரை தண்ணீர் வருகிறது. பெங்களூரில் இருக்கும் மகன், விற்றுவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்பில் வீடு வாங்கச் சொல்கிறான். திருச்சியில் இருக்கும் மகள், இடித்துவிட்டு லிஃப்ட் வைத்து நான்கு மாடி கட்டினால் வாடகை வரும் என்கிறாள். கணவர் “நான் எங்கும் வருவதாக இல்லை” என்பதோடு சரி. ஒப்பந்தக்காரர் ஒருவர் புதுப்பித்துத் தர 32 லட்சம் கேட்கிறார். அவருடைய மதிப்பீட்டை இணைத்திருக்கிறேன். வீடு இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அம்மா, வணக்கம்.

முதல் வேலையாக அந்த மதிப்பீட்டைப் படித்தேன். நான்கு பக்கம். பொய்க்கூரை இருக்கிறது, பளபளக்கும் பெரிய டைல் இருக்கிறது, முகப்பில் கல் ஒட்டும் வேலை இருக்கிறது. முழங்கால் தேய்ந்த ஒரு மனிதர் பிடித்துக்கொண்டு எழுவதற்குக் கைப்பிடிக் கம்பி ஒன்று நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை. காரை உதிரும் தளத்துக்கு அடியில் பொய்க்கூரை போடலாம் என்கிறாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சீழ் வைத்த புண்ணுக்குச் சந்தனம் பூசுகிற வேலை. உதிர்வது கண்ணில் படாமல் போகும். என்றைக்காவது பொய்க்கூரையையும் இழுத்துக்கொண்டு மொத்தமாக இறங்கும்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டிலேயே இருங்கள். ஆனால் வீட்டைச் சுருக்குங்கள். 80 அடி நீளத்தில் நீங்கள் இருவர் அன்றாடம் புழங்கப்போவது முன்பக்கத்து 45, 50 அடியில்தான். பணத்தை அங்கே போடுங்கள். பின்பாதிக்கு ஆபத்தை நீக்கும் அளவுக்கு மட்டும் செலவு செய்தால் போதும்.

இன்று இரவு ஒரு காரியம் செய்யுங்கள். தையல் பெட்டியில் இருக்கும் டேப்பை எடுத்து, உங்கள் கணவர் படுக்கும் பக்கத்திலிருந்து கழிப்பறைவரை அளந்து எழுதுங்கள். எத்தனை அடி, வழியில் எத்தனை நிலைப்படி, எத்தனை இடத்தில் இறக்கம், விளக்கின் சுவிட்ச் எங்கே, எந்த இடத்தில் தரை ஈரமாக இருக்கும். மாசி வீதிச் சந்துகளில் உள்ள நீள வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டாசாலையில் படுப்பார்கள், கழிப்பறை கொல்லையில் இருக்கும், நடுவில் முற்றத்தின் கல் விளிம்பு. நாற்பது வயதில் அது ஒரு தூரமே இல்லை. 66 வயதில், இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் அதுதான் வீட்டிலேயே ஆபத்தான இடம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் அப்பா விழுந்தது நான் கட்டிய குளியலறையில். மெருகேற்றிய கறுப்புக் கிரானைட்டைத் தரைக்கு நான்தான் தேர்ந்தெடுத்தேன்; அழகாக இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். வழுக்கியபோது அவர் கைக்கு அகப்பட்டது துண்டு போடும் கம்பி. அது திருகாணி, பிளாஸ்டிக் பிளக்கு எல்லாவற்றோடும் சுவரைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தது. இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவன் வீட்டில் நடந்தது இது. அதற்குப் பிறகு வயதானவர்கள் இருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குளியலறைக் கதவைத்தான் திறந்து பார்க்கிறேன்.

எனவே முதல் வேலை, பட்டாசாலையை ஒட்டியிருக்கும் பக்க அறையைக் கழிப்பறையுடன் கூடிய குளியலறையாக மாற்றுவது. பூஜை சாமான்களும் பழைய டிரங்குப் பெட்டியும் இருக்கும் அறையாக இருக்கலாம். பரவாயில்லை, சாமிக்கு வேறு சுவர் உண்டு. 5 அடிக்கு 7 அடி கிடைத்தாலே நன்றாக அமைக்கலாம். கழிவுநீர்க் குழாயைப் பற்றி மலைக்க வேண்டாம். பின்னால் வேறு சந்து இல்லாத வீடு என்றால், இப்போதுள்ள கழிப்பறையின் குழாயே உங்கள் தரைக்கு அடியில் வீட்டு நீளம் முழுக்க ஓடித்தான் தெருச் சாக்கடையில் சேர்கிறது. புதியது தெருவுக்குப் பக்கத்தில் வருவதால் வாட்டம் தாராளமாகக் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தெரு உயர்ந்த வீடுகளில், பெருமழையின்போது சாக்கடை நிரம்பிக் கழிவுநீர் உங்கள் வீட்டுக்குள் எதிர்த்து வரும். வாசலில் கழிவுநீர்க் குழாய் சேரும் தொட்டியில் ஒருவழி வால்வு போடச் சொல்லுங்கள். உங்கள் மதிப்பீட்டில் அதுவும் இல்லை.

அந்த அறையின் கதவு 3 அடி அகலம் இருக்க வேண்டும். வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உட்பக்கமாகத் திறக்கும் கதவு அவர் உடம்பிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய வகையாக இருக்கட்டும். நிலைப்படி வேண்டாம், ஈரம் வெளியே வராமலிருக்கத் தரையில் சரிவும் வாசல் ஓரத்தில் சல்லடை மூடிய வாய்க்காலும் போதும். டைல் சொரசொரப்பானதாக, சிறிய அளவில் இருக்கட்டும். இணைப்புக் கோடுகள் கூடக் கூடக் காலுக்குப் பிடி கூடும். கடையில் காய்ந்த டைலைத் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கழிப்பறைக் கோப்பையின் இருக்கை தரையிலிருந்து 18 அங்குலம் இருந்தால் முழங்காலுக்குச் சுகம்.

கைப்பிடிக் கம்பிக்கு வருகிறேன். உங்கள் முன்பாதிச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் சேர்ந்தது. துளையிட்டுப் பிளாஸ்டிக் பிளக்கு அடித்தால் இன்று இறுக்கமாகத் தெரியும். ஒருவர் முழு எடையோடு தொங்கும் நாளில் என் அப்பா கையில் வந்ததுபோல் வந்துவிடும். கம்பி வரும் இடங்களில் சுவரைக் குடைந்து கான்கிரீட் கட்டை பதிக்க வேண்டும், அல்லது சுவரின் மறுபக்கத்தில் இரும்புத் தகடு வைத்துப் போல்ட்டை ஊடுருவ முடுக்க வேண்டும். உயரம் பொதுவாக 33 முதல் 36 அங்குலம் என்பார்கள். அதைவிட நல்ல வழி, சுவர் பூசும் முன் உங்கள் கணவரை அங்கே ஒரு நாற்காலியில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொல்வது. அவர் கை தானாகப் போய் ஊன்றும் இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போடுங்கள். கம்பி அங்கேதான்.

இனிப் பின்பாதி. நீங்கள் வேதியியல் ஆசிரியை என்பதால் இதை விளக்குவது எனக்கு எளிது. சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல் மாறும் என்று எத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள்! அதே வினைதான் உங்கள் வீட்டில் இரண்டு விதமாக நடந்துகொண்டிருக்கிறது. முன்பாதிச் சுவரில், காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்புடன் சேர்ந்து அதை மெல்லக் கல்லாக்கியது. கொள்ளுத்தாத்தா காலத்துச் சுவர் நாளாக ஆக இறுகியது அதனால்தான். பின்பாதிக் கான்கிரீட்டுக்குள்ளும் அந்த வாயு நுழைகிறது. அங்கே காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பிக்குக் கவசம். வாயு அந்தக் காரத்தைத் தின்றுகொண்டே உள்ளே போகிறது. கம்பிவரை போய்விட்டால் கவசம் போயிற்று. ஈரம் பட்டதும் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உள்ளிருந்து நெட்டித் தள்ளுவதால்தான் காரை உதிர்கிறது. மேலே நீர்க்கசிவு, கீழே அடுப்பின் ஆவி, நாற்பது ஆண்டு. 1984-ல் கட்டியவரைக் குறை சொல்வதற்கில்லை.

பினாப்தலீன் உங்கள் ஆய்வகத்திலேயே இருக்கும். பொறியாளர் வந்து தளத்தில் ஓரிடத்தை உளியால் கொத்தியதும், தூசியைத் துடைத்துவிட்டு அந்தப் புத்தம் புது உடைப்பில் தெளித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக மாறும் பகுதியில் காரம் மிச்சம் இருக்கிறது. நிறமே மாறாத பகுதி எவ்வளவு ஆழம் என்று அளந்தால், வாயு எதுவரை வந்திருக்கிறது என்பது தெரியும். நாங்களும் இதைத்தான் செய்கிறோம். கூடவே சிறு சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிப் பார்க்க வேண்டும்: நல்ல இடம் “டிங்” என்று கேட்கும், விட்ட இடம் பானையைத் தட்டியதுபோல் பொத்தென்று கேட்கும். விட்ட இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே போங்கள். வட்டங்கள் ஆங்காங்கே என்றால், உதிரும் பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு நீங்கத் தேய்த்து, பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூடிக் காப்பாற்றலாம். வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தளமே ஒரு வட்டமாகிவிட்டால், கம்பி மெலிந்து இற்றிருந்தால், அதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். மேல் அறையையும் அந்தத் தளத்தையும் இறக்கிவிட்டு, அடுப்படிக்கு ஓட்டுச் சாய்ப்பு போட்டுக்கொள்ளுங்கள். அந்த மேல் அறையில் கடைசியாக யார் படுத்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அதுவரை காத்திருக்கக் கூடாத இரண்டு உண்டு. தண்ணீர்த் தொட்டி அந்தப் பின்தளத்தின் மேல்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 1,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதை நாளைக்கே காலி செய்யுங்கள். சிறு தொட்டி ஒன்றைத் தற்காலிகமாக வேறு இடத்தில் வையுங்கள். அடுப்பை இந்த வாரமே தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டு, அடுப்படித் தளத்துக்கு முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். கொப்பரைமேல் விழுந்தது உங்கள் நல்ல காலம்.

முன்பாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது. தேக்குக் கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைக் கோணவாட்டில் குத்துக்கல்லாக நிறுத்தி, சுண்ணாம்பில் பிடித்து, மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் இடித்து, தட்டோடு பாவிய தளம் அது. மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தால் பாய் பின்னியதுபோல் இருக்கும். அதற்குச் சத்துரு மூன்று. ஒன்று, கசியும்போதெல்லாம் மேலே ஓர் அடுக்குச் சிமென்ட் போட்டுக்கொண்டே போவது. கசிவு நிற்பதில்லை, பாரம்தான் ஏறுகிறது. இரண்டாவது, உட்சுவரில் சிமென்ட் பூசுவது. சுவரில் ஏறும் ஓதம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று உப்புப் பூத்துச் செதில் செதிலாக உதிரும். சுண்ணாம்புப் பூச்சே போடுங்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். தேடிப் பிடிக்கக் கொஞ்சம் அலைய வேண்டும். மூன்றாவது சத்துரு கறையான். கட்டையின் நடுப்பகுதியைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. கட்டை சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஈரமும் கறையானும் குடியிருக்கும். ஒரு திருப்புளியால் அந்த முனையைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நுனி உள்ளே போகாவிட்டால் உங்கள் பேரனுக்கும் அந்தக் கட்டை வரும்.

முற்றத்தை மூட வேண்டாம். ஒப்பந்தக்காரர் மூடச் சொல்லியிருக்கிறார். மூன்று பக்கமும் அடைத்த வீட்டுக்கு மூக்கு அது. கம்பி வலை போதும்.

தெரு உயர்ந்த விஷயம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று அரசே சொன்ன பிறகும் எத்தனையோ சந்துகளில் மேலேயே போட்டுக்கொண்டு போகிறார்கள். அந்தக் கோபத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தால், மூன்று படி இல்லாமல் போனது உங்கள் கணவரின் முழங்காலுக்கு அவர்கள் தெரியாமல் செய்த உபகாரம். தரை முழுவதையும் மண் கொட்டி உயர்த்தச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நிலை உயரம் குறைந்து வருகிறவர்கள் எல்லாரும் தலையில் இடித்துக்கொள்வார்கள், சுவரின் ஓதமும் கூடும். வாசலில் மட்டும் 4 அங்குல மேடு எழுப்புங்கள். ஓர் அங்குல ஏற்றத்துக்கு ஓர் அடி சரிவு என்பது கணக்கு. ஆகவே வெளியே 4 அடி, உள்ளே 4 அடி. வெளிச் சரிவு தெருவில் நீளக் கூடாது. இரு திண்ணைகளுக்கு நடுவே உள்ள பாதையிலேயே அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். உள்ளே இருக்கவே இருக்கிறது நடை. நாளைக்குச் சக்கர நாற்காலி வர வேண்டியிருந்தாலும் அதே வழியில் வரும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக: பழைய பீஸ் கேரியர் இன்னும் இருந்தால் எடுத்துவிட்டு, 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பு சுவிட்சு போடுங்கள், எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கட்டிலருகே ஒரு சுவிட்ச், குளியலறை வாசலில் ஒரு சுவிட்ச், இரண்டிலும் அதே விளக்கு எரிய வேண்டும்.

பிள்ளைகள் சொல்வதையும் தள்ளிவிடவில்லை. மகளிடம் சொல்லுங்கள்: மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. நான்கு மாடிக் கணக்கு அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. அதோடு உங்கள் பக்கச் சுவர்கள் அநேகமாகப் பொதுச் சுவர்கள். நீங்கள் இடித்தால் அடுத்த வீட்டுக் கட்டைகள் எதன்மேல் நிற்கும்? மகன் சொல்லும் குடியிருப்பு சிலருக்கு நன்றாகவே பொருந்துகிறது. என் வாடிக்கையாளர்களில் இரண்டு குடும்பம் போயிருக்கிறது. ஆனால் அங்கே வாங்குவது கிரயமா, ஆயுள் குத்தகையா, மாதப் பராமரிப்பு எப்படி ஏறும், இருவரில் ஒருவர் படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள், இவை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். பேசாமல் இருக்கும் உங்கள் கணவரை அங்கே கொண்டுபோய் வைத்தால் பேச ஆரம்பிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் உங்கள் கணவரின் உடன்பிறந்த பெண்களுக்கும் பங்கு உண்டு. நாத்தனார் இப்போது ஒன்றும் கேட்காமல் இருக்கலாம். நீங்கள் லட்சக்கணக்கில் போட்டுச் சீர்செய்த பிறகு அவர் பிள்ளைகள் கேட்கலாம். வழக்கறிஞரைப் பார்த்துப் பாகப் பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவு செய்துவிட்டுப் பெரிய செலவைத் தொடங்குங்கள். பின்னாளில் பிள்ளைகள் பெயருக்கு எழுதுவதாக இருந்தால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு அப்போதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

நேரில் பார்க்காமல் தொகை சொல்வது என் வழக்கமில்லை. ஆனால் 32 லட்சம் என்று மொத்தமாகவோ சதுர அடிக் கணக்கிலோ ஒப்பந்தம் போடாதீர்கள். சதுர அடிக் கணக்கு புதுக் கட்டடத்துக்கு உரியது. பழைய வீட்டு வேலையை இனவாரியாகப் பேச வேண்டும்: கொத்துவதற்கு இவ்வளவு, கம்பி தேய்த்துப் பூச இவ்வளவு, கழிவை அள்ளிக்கொண்டு போக இவ்வளவு. கழிவை எழுத மறக்காதீர்கள். உங்கள் சந்துக்குள் லாரி நுழையாது. ஆள் சுமந்து சுமை ஆட்டோவுக்குக் கொண்டுவர வேண்டும், அந்தக் கூலி மலைக்கவைக்கும். ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் கையில் வைத்திருங்கள். பழைய சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பது மீனாட்சிக்குத்தான் தெரியும்.

சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றி முடிக்கும்வரை செங்கல், மணல் எதையும் இறக்காதீர்கள். வைகாசியில் முன்பக்கக் குளியலறை. அது முடிந்ததும் நீங்கள் இருவரும் முன்பாதிக்கு மாறிக்கொண்டால், வாடகை வீடு பார்க்காமலே பின்பாதியைப் பிரிக்கலாம். தள வேலை எல்லாம் ஐப்பசி மழைக்கு முன் முடிந்துவிட வேண்டும்.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள் யாராவது வந்து முற்றத்து மரத்தூண்களுக்கும் தலைவாசல் நிலைக்கதவுக்கும் விலை பேசுவார். நல்ல விலையாகவே சொல்வார். தூணுக்குப் பதிலாக இரும்புக் குழாய் நிறுத்தித் தருவதாகவும் சொல்வார். தாழ்வாரத்துச் சாய்ப்பின் பாரம் முழுக்க அந்தத் தூண்களின்மேல்தான் இருக்கிறது என்று சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். டேப் வைத்து அளந்த கணக்கை மட்டும் எனக்கு எழுதுங்கள்.